நாடி பார்த்த மணிக்கூடு

மனிதருக்கு உள்ள பைத்தியங்கள் பல வகைப்பட்டன. முத்திரை சேர்ப்போர் உண்டு. பழங்காசு சேர்ப்போர் உண்டு. என்னுடன் படிப்பிக்கும் தமிழாசிரியர் ஒருவர் பழைய கலியாண அழைப்பிதழ்களைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருக்கிறார். என்னைப் பிடித்த பைத்தியம் பழைய கைக்கடிகாரம். அதிலும் 'குரோனோகிராப்' என்னும் ஒரேயொரு சாதி. மாதச் சம்பளத்தில் வாழும் கல்லூரி ஆசிரியனுக்கு இது அடுக்குமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பதினான்கு ஆண்டுகளில் நான் வாங்கியவை மூன்றே மூன்று, நாலாவது முதுசமாக வந்தது என்று கணக்குச் சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிடுவேன். "நாலு மணிக்கூடு இருந்தும் பள்ளிக்கூடத்துக்கு ஓடி ஓடித்தானே போறியள்" என்று என் மனைவி சொல்வதற்கு மாத்திரம் இன்னும் மறுமொழி கிடைக்கவில்லை.

குரோனோகிராப் என்பது கிரேக்கச் சொற்களால் ஆன பெயர். காலத்தை எழுதுவது என்று பொருள்படும். 1821ஆம் ஆண்டு பரிஸ் நகரிலே நடந்த குதிரைப் பந்தயத்தில் நிக்கலஸ் றியூசெக் என்பவர் ஒரு கருவியைக் கொண்டுவந்து வைத்தார். குதிரை எல்லையைக் கடக்கும் கணத்தில், சுழலும் தட்டின்மேல் அது ஒரு துளி மையை இட்டது. உண்மையாகவே எழுதிய கடிகாரம் அதுதான். பின்னர் மை போயிற்று, பெயர் மட்டும் நின்றுவிட்டது. இன்று அப்பெயரால் நாம் குறிப்பது, நேரம் காட்டும் கடிகாரத்துக்குள்ளேயே ஒரு நிறுத்தற் கடிகாரத்தையும் குடியிருத்திய பொறியை.

பௌதிகம் படிப்பிக்கிறவன் என்பதால் அதன் உள்ளே நடப்பதைச் சற்றுச் சொல்ல அனுமதிக்க வேண்டும். கடிகாரத்தின் சில்லுகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் ஒரு சிறு சில்லு பக்கவாட்டில் நகர்ந்து, ஓடும் சில்லின் பல்லோடு பல் பொருந்தும். நடுவிலுள்ள நீண்ட முள் புறப்படும். மறுபடி அழுத்தினால் சில்லு விலகும், முள் நிற்கும். முள்ளை மீண்டும் பூச்சியத்துக்குக் கொண்டுவருவதுதான் நெடுங்காலம் தீராத சிக்கலாக இருந்தது. 1844இல் அடோல்ப் நிக்கோல் என்பவர் அதற்கு வழி கண்டு உரிமை பெற்றார். முள்ளின் அச்சிலே இருதய வடிவான ஒரு தகட்டைப் பொருத்தி, அதன்மேல் ஒரு சிறு சுத்தியல் விழும்படி செய்தார். எந்தப் பக்கம் விழுந்தாலும் அந்த இருதயம் உருண்டு தன் பள்ளத்துக்கே வந்து சேரும். முள்ளும் மேலே வந்து நிற்கும். கடிகாரத்துக்குள் ஓர் இருதயம் இருக்கிறது என்றால் என் மாணவர்கள் சிரிக்கிறார்கள். படம் கீறிக் காட்டிய பிறகே நம்புகிறார்கள்.

முகப்பின் விளிம்பில் அச்சிட்ட எண்களைப் பார்த்து இக்கடிகாரம் யாருக்கென்று செய்யப்பட்டது என்பதைச் சொல்லிவிடலாம். மோட்டார் பந்தயக்காரனுக்கு வேகம் காட்டும் அளவு. பீரங்கிப் படையினனுக்குத் தூரம் காட்டும் அளவு: வெடித்த ஒளி தெரிந்ததும் முள்ளை ஓடவிட்டு, சத்தம் கேட்டதும் நிறுத்தினால், இடைத் தூரம் கிலோமீற்றரில் தெரியும். மூன்றாவது, வைத்தியருக்கு உரியது. நோயாளியின் நாடியைப் பிடித்து முள்ளை ஓடவிட வேண்டும். முப்பது துடிப்பு எண்ணியதும் நிறுத்த வேண்டும். முள் காட்டும் எண்ணே ஒரு நிமிடத்துக்கான நாடித்துடிப்பு. முப்பது துடிப்புக்கு 24 விநாடி சென்றால் 75. 20 விநாடி சென்றால் 90. பெருக்கவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் இருந்தது இந்த மூன்றாவது வகை.

அம்மாவின் தகப்பனாராகிய என் பேரனார் அரசாங்க வைத்தியசாலைகளிலே அப்போதிக்கரியாக வேலை பார்த்தவர். மலைநாட்டிலும் வன்னியிலுமாக எட்டு ஊர்களில் இருந்தவர். 1952இல் கொழும்பிலே அந்தக் கடிகாரத்தை வாங்கினாராம். தங்கமும் அல்ல, பெரிய பெயருள்ளதும் அல்ல. முகப்பிலே தயாரித்தவர் பெயர்கூட இல்லை. 'குரோனோகிராப் சுவிஸ்' என்ற இரண்டு சொற்களே இருந்தன. அக்காலத்தில் சுவிற்சர்லாந்தின் சிறு பட்டறைகள் பல இப்படிப் பெயரில்லாமல் செய்து விற்றன. உள்ளிருந்த பொறி லாண்டெரோன் என்னும் ஊரில் செய்யப்பட்டது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு. மேல்பொத்தான் ஓடவிடுவதற்கு மாத்திரம். நிறுத்துவதும், பிறகு பூச்சியத்துக்குத் திருப்புவதும் கீழ்ப்பொத்தானின் வேலை.

வெள்ளை முகப்பு; சிவப்பிலே நாடிக் கணக்கு. 90க்கும் 100க்கும் நடுவே ஒரு மண்ணிறக் கறை. கண்ணாடி வெடித்திருந்த சமயத்தில் 'ரிங்சர் அயடீன்' ஒரு துளி உள்ளே இறங்கிவிட்டதாம். காய்ச்சலோடு படுத்திருக்கும் பிள்ளைகளின் முள் அநேகமாக அந்தக் கறையில்தான் வந்து நிற்கும் என்று அம்மா சொல்லுவார். எட்டு வயதிலே அம்மாவின் கையில் கடிகாரத்தைக் கொடுத்து, தன் மணிக்கட்டையும் நீட்டி, நாடி எண்ணப் பழக்கியிருக்கிறார் பேரனார். அம்மா எண் கற்றது பள்ளிக்கூடத்திலே; எண்ணக் கற்றது அந்த மணிக்கட்டிலே.

பேரனார் 1988இல் காலமானார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. வீட்டில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாத அந்த வேளையில், அம்மா கடிகாரத்தை ஒரு வெற்றிலைத் தட்டத் துணியில் சுற்றி இடுப்பிலே சொருகிக்கொண்டார். மழையில் நனைந்தது, பிறர் வீட்டு விறாந்தைகளில் படுத்தது, திரும்பியும் வந்தது. ஓடவில்லை. ஆனால் சிவப்பு எண்களும் கறையும் அப்படியே இருந்தன.

அதைப் பாழாக்கியவன் நான்.

2011இல் பட்டப்பின் பயிற்சி ஒன்றுக்காகக் கொழும்புக்குப் போனேன். அம்மாவின் பிறந்த நாளுக்கு அதைப் புதிதாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு கடையில் கொடுத்தேன். "முகம் பழுதாய்ப் போச்சு, புதுசாய் அடிப்பிச்சுத் தாறம்" என்றார்கள். நான் மகிழ்ச்சியோடு தலையாட்டினேன். ஆறு கிழமைக்குப் பின் கைக்கு வந்த கடிகாரம் பளபளவென்று மின்னியது, ஒழுங்காக ஓடியது. முகப்பைச் சுரண்டித் துடைத்து, புதிய வெள்ளை பூசி, எண்கள் அச்சிட்டிருந்தார்கள். நாடிக் கணக்குக்குரிய அச்சு அவர்களிடம் இல்லையாம். அந்த இடத்தில் ஒன்று முதல் அறுபது வரை சாதாரண நிமிடக் கோடுகள். கறை போனது, சிவப்பும் போனது.

அம்மா கையில் வாங்கிப் பார்த்தார். "வடிவாய் இருக்கு" என்றார். திருப்பி என்னிடமே தந்தார். அதற்குப் பிறகு அதை எடுத்துக் காட்டு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இதை நான் கவனிக்க இரண்டு வருஷம் சென்றது.

சேகரிப்பில் நான் இறங்கியது ஒரு குற்றவாளியின் ஆராய்ச்சியாகத்தான். என்ன செய்துவிட்டேன் என்று அறிவதற்காகப் படிக்கத் தொடங்கினேன். பழைய கடிகாரம் சேர்ப்போர் முதலில் பார்ப்பது முகப்பையே. பொறி தேய்ந்தால் சீர் செய்யலாம், கண்ணாடியை மாற்றலாம், முகப்பிலே கை வைத்தால் மதிப்பிற் பெரும்பகுதி அந்த நிமிடமே போய்விடும். செப்புத் தகட்டில் வெட்டிய எழுத்திலிருந்து மென்மையான திண்டினால் மையை எடுத்து முகப்பில் ஒற்றுவது சுவிஸ்காரரின் முறை. உருப்பெருக்கியின் கீழே அந்த எழுத்து தகட்டின்மேல் சற்றே எழும்பி, விளிம்பு கூராக நிற்கும். பிற்காலப் பூச்சில் விளிம்பு கலங்கியிருக்கும். முள்ளின் ஒளிப்பூச்சும் சாட்சி சொல்லும். 1950களின் பூச்சு பெரும்பாலும் ரேடியம். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 1600 ஆண்டு. ஆனால் அதோடு கலந்த நாகச் சல்பைட்டு சில பத்தாண்டுகளிலேயே களைத்துவிடும். ஆகவே இன்று ஒளிராது, கதிர்வீச்சு மட்டும் ஓயாது. அமெரிக்காவிலே தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி இப்பூச்சைத் தீட்டிய இளம் பெண்கள் நோயுற்று மாண்ட கதை 1920களில் உலகறிந்தது. இத்தகைய கடிகாரத்தை வீட்டில் வைத்திருப்போர் அதைத் தாமாகத் திறந்து சுரண்டக்கூடாது. இதைச் சொல்லாமல் விட என் தொழில் இடந்தரவில்லை.

முகப்புக்கு உலகம் கொடுக்கும் விலைக்கு ஓர் உதாரணம். அமெரிக்க நடிகர் போல் நியூமன் மோட்டார் பந்தயத்திலும் ஈடுபட்டவர். கவனமாக ஓட்டும்படி பின்புறத்தில் பொறித்து அவர் மனைவி ஒரு ரோலெக்ஸ் டேடோனாவைப் பரிசளித்தார். சிறு வட்டங்களுக்குள் சதுர முனைக் குறிகள் கொண்ட அதன் முகப்பு, வெளிவந்த காலத்தில் வாங்குவாரில்லாமல் கடைகளில் தூங்கியது. நியூமன் 1984இல் அதைக் கழற்றி மகளின் நண்பரான ஓர் இளைஞருக்குக் கொடுத்துவிட்டார். 2017 ஒக்ரோபர் 26ஆம் திகதி நியூயோர்க் ஏலத்தில் அது 1 கோடியே 77 இலட்சத்து 52 ஆயிரத்து 500 டொலருக்குப் போயிற்று! கீறல்களை எவரும் மினுக்கவில்லை. யாராவது என்னைப் போன்ற அன்புள்ள மூடன் அதைப் 'புதிதாக்கி' இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

நான் வாங்கிய முதல் இரண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று, பொறியைப் படிப்பதற்காக வாங்கிய ஓடாத லாண்டெரோன். மற்றது வல்வெட்டித்துறையிலே இளைப்பாறிய கப்பல்காரர் ஒருவர் தந்த மஞ்சள் முகப்பு சீக்கோ. அவர் விலை பேச மறுத்து, தன் பேத்திக்கு ஒரு தவணை பௌதிகம் சொல்லித் தரும்படி கேட்டார். 1973இல் வில்லியம் போக் என்ற விண்வெளி வீரர் இந்த இனத்துக் கடிகாரத்தையே அனுமதி பெறாமல் கட்டிக்கொண்டு ஸ்கைலாப் நிலையத்துக்குப் போனார்; 84 நாள் அங்கே இருந்தார்.

அந்தச் சீக்கோ பிறந்த 1969ஆம் வருஷம் கடிகார உலகில் விசேஷமானது. தானே சாவி ஏறும் குரோனோகிராப்பை யார் முந்திச் செய்வது என்ற போட்டியில் அவ்வருஷம் ஜனவரியில் செனித் கம்பனி தன்னுடையதைக் காட்டியது. மார்ச்சில் வேறொரு கூட்டம் தம்முடையதை அறிவித்தது. மே மாதம் யப்பானில் சீக்கோ விற்பனைக்கு வந்தது. யார் வென்றார் என்று இன்றைக்கும் வழக்கு நடக்கிறது. அதே வருஷம் நத்தாரன்று ரோக்கியோவில் சீக்கோ வெளியிட்ட குவாட்ஸ் கடிகாரம் எல்லோரையும் ஒருங்கே தோற்கடித்துவிட்டது. சில்லுக் கடிகாரங்களை இனிச் செய்ய வேண்டாம் என்று 1975 அளவில் செனித்தின் அமெரிக்க உரிமையாளர் கட்டளையிட்டனர். சார்ல்ஸ் வெர்மோ என்னும் தொழிலாளி அச்சுகளையும் கருவிகளையும் வரைபடங்களையும் மாலை வேளைகளில் சுமந்துபோய்ப் பரணிலே ஒளித்து வைத்தார். 1980களிலே அப்பொறி மீண்டும் வேண்டப்பட்டபோது அவர் பரணைத் திறந்து காட்டினார். இக்கதையை முதன்முறை படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமற் போயிற்றே!

மூன்றாவதாக வாங்கியதுதான் விஷயம். பேரனாரின் கடிகாரத்துக்கு இரட்டைப் பிறவி ஒன்றைப் பன்னிரண்டு வருஷம் தேடினேன். இணையவழி ஏலங்களில் நாடிக் கணக்குள்ளவை வருவதே அருமை. வந்தால் விலை என் கைக்கு எட்டாது. எட்டினால் முகப்பு பூச்சு வேலையாக இருக்கும். 2023ஆம் ஆண்டு ஸ்பெயின் தேசத்திலிருந்து ஒன்று வந்தது. அதே பெயரில்லாத முகப்பு, அதே லாண்டெரோன் பொறி, அதே சிவப்பு எண்கள். பட்டி இல்லை, ஒரு பொத்தான் இறுகியிருந்தது. அதனால் மலிவு. மலிவு என்பது என் மனைவியின் அகராதிப்படி அன்று.

பட்டணத்தில் நான் நம்பும் முதிய திருத்துநர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்தார். பொறிகளும் ஒன்று, முகப்பைப் பிடிக்கும் கால்களும் ஒன்று. "சேர், இந்த முகத்தைக் கழட்டி உங்கடை பேரன்ரையிலை போடுவம். ஒரு மணித்தியால வேலை. ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார். அவர் கெட்ட நோக்கத்தோடு சொல்லவில்லை. நானும் அதற்காகத்தான் பன்னிரண்டு வருஷம் தேடினேன் என்பதை மறைப்பதில் என்ன பயன்? அம்மாவிடம் கொண்டுபோய், "இதோ ஐயாவின் மணிக்கூடு, பழையபடி" என்று கொடுத்துவிடலாம். அம்மாவுக்கு எழுபத்தைந்து, கண்ணும் மங்கல்.

தடுத்தது ஒரு செய்தி. சந்திரனில் மனிதர் முதலில் இறங்கியபோது அவர்களோடு போனது ஒமேகா ஸ்பீட்மாஸ்ரர் இனம். கலத்தின் மின்கடிகாரம் பழுதானதால் ஆம்ஸ்ரோங் தம்முடையதை உள்ளே விட்டுவிட்டு இறங்கினார். கட்டிக்கொண்டு நடந்தவர் ஓல்ட்ரின். அந்த இனத்தின் 1957ஆம் ஆண்டு முதற் பிரசவங்களுள் ஒன்றெனப்பட்ட கடிகாரம் 2021 நவம்பரில் ஜெனீவாவிலே 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோனது. வாங்கியது ஒமேகாவின் சொந்த நூதனசாலை. பல கடிகாரங்களின் உறுப்புகளைக் கூட்டி உண்டாக்கிய போலி அது என்பது 2023இல் வெளியாயிற்று. ஒவ்வோர் உறுப்பும் பழையதாக இருந்திருக்கலாம். சேர்ந்த உடல் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நான் செய்ய நினைத்ததும் அதையே, விலை மட்டும் குறைவு. அதுவும் விற்பதற்கல்ல, பெற்ற தாயை நம்பவைப்பதற்கு. ஸ்பெயினில் இதைக் கட்டியிருந்த யாரோ ஒருவரின் முகப்பையும் பிடுங்க வேண்டியிருக்கும்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்று இரண்டையும் மூடுவித்து, இறுகிய பொத்தானை மட்டும் சரிபண்ணுவித்துக்கொண்டு வந்தேன். யோசனை இரண்டு கிழமை நீடித்தது. மேசை இலாச்சியில் இரண்டும் அருகருகே கிடந்தன.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேலதிக வகுப்பு முடிந்து சைக்கிளில் வீடு வந்தேன். அம்மா விறாந்தையில் இருந்தார். கையிலே பூதக்கண்ணாடி, மடியிலே ஸ்பெயின் கடிகாரம். மூக்குக்கண்ணாடிக் கூடு தேடி இலாச்சியைத் திறந்தாராம். எனக்கு வாய் உலர்ந்துபோயிற்று. அவர் நிமிராமலே முகப்பை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஐயாவின்ரை இல்லைத் தம்பி."

"இல்லை அம்மா."

"கறை இல்லை."

"ஓம் அம்மா."

"அப்ப இது ஆற்றை?"

"தெரியாது அம்மா. ஸ்பெயினிலை இருந்து வந்தது. ஆரோ ஒரு டொக்டர் வைச்சிருந்திருப்பார்."

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சாவி கிடக்கோ?" என்று கேட்டார். நான் நாலைந்து முறுக்கு முறுக்கிக் கொடுத்தேன். காதிலே வைத்துக் கேட்டார்.

"கையைத் தா."

எழுபது வருஷத்துக்கு முந்திய பழக்கம். மூன்று விரல் என் மணிக்கட்டில் சரியான இடத்தில் வந்து அமர்ந்தது. மற்றக் கைப் பெருவிரல் மேல்பொத்தானைத் தேடி அழுத்தியது. உதடு அசைய எண்ணினார். முப்பதில் கீழ்ப்பொத்தான். பூதக்கண்ணாடியை எடுத்துச் சிவப்பு எண்ணைப் பார்த்தார்.

"எண்பத்து நாலு. வெயிலுக்கை சைக்கிள் மிதிச்சு வந்தனி. போய்த் தண்ணி குடிச்சிட்டு வா, திரும்ப ஒருக்காப் பாப்பம்."